தாழம்பூ மணத்த லாரி

முல்லை நகரில் அந்தக் கோடையில் அய்யாக்குட்டியின் கழிவுநீர் லாரி தாழம்பூவாக மணக்கத் தொடங்கியபோது யாரும் பெரிதாகத் திகைத்துவிடவில்லை. பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தவர்கள் மூக்கை உயர்த்தி ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார்கள், யார் வீட்டிலோ பூஜை என்று நினைத்தார்கள், பூஜை இல்லை லாரிதான் என்று தெரிந்ததும் "அப்படியா" என்றார்கள், பாலைக் காய்ச்சப் போனார்கள். காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டும் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். ஒன்று லாரிக்காரர் அய்யாக்குட்டியின் மகள் மாரிக்கனி. இன்னொன்று மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பையன், கல்யாண மண்டபம் வைத்திருக்கிற குணசீலனின் மகன் தருண்.

இப்படி இரண்டு குடும்பம் எப்படி அடுத்தடுத்த வீட்டில் என்று கேட்கலாம். அய்யாக்குட்டி அந்த மனையை வாங்கிய காலத்தில் அங்கே மனித வாடையே கிடையாது. சீமைக்கருவேலம், பன்றி, ஊர் கொட்டுகிற குப்பை. லாரியை நிறுத்த ஊருக்குள் ஒருத்தரும் இடம் கொடுக்காததால் அங்கே போய் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார். பிறகு பைபாஸ் வந்தது, பைபாஸைப் பார்த்து பிளாட் வந்தது, பிளாட்டுக்கு முல்லை நகர் என்று பெயர் வந்தது, குணசீலன் வந்தார், அவருடைய மூன்று மாடி வந்தது, மாடி முழுக்க கிரானைட் வந்தது, கடைசியாக அவர்களுக்கெல்லாம் மூக்கு வந்தது. மூக்கு வந்ததும் மதில் உயர்ந்தது, மதில்மேல் கண்ணாடிச் சில்லு முளைத்தது, நலச் சங்கம் ஒன்று ஏற்பட்டு, லாரி விடியுமுன் வெளியேற வேண்டும், விளக்கு வைத்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. முதலில் குடிவந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அய்யாக்குட்டியும் சொல்லவில்லை. அவர் பேசுகிற ஆள் இல்லை.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வராத அந்த நாட்களில் குணசீலன் வீட்டுக்கு லீவுக்கு வந்த சொந்தக்காரர்கள் தின்றார்கள், தூங்கினார்கள், மறுபடி தின்றார்கள், ஒரு நாள் காலை தொட்டி பொங்கிக் கொல்லைப்புறம் முழுக்க வழிந்தது. அன்றைக்கு மட்டும் சங்கத்துத் தீர்மானம் செல்லாது. பட்டப்பகலில், பின்வாசல் வழியாக, அய்யாக்குட்டியை வரச் சொன்னார்கள். கூட வேலை செய்கிற ஆள் ஊருக்குப் போயிருந்ததால் மாரிக்கனி வந்து பைப்பைப் பிடித்துக்கொண்டாள். தருண் பின்வாசல் படியில் வந்து நின்றான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எத்தனை பேரு இருக்கீங்க வீட்ல?"

"பெரியம்மா வீடு, அத்தை வீடு எல்லாரும் வந்திருக்காங்க."

"நல்லாச் சாப்பிடுவாங்களோ?"

அவன் சிரித்துவிட்டான். அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் அதுவரை யாரும் சிரித்ததில்லை. அங்கே சிரிப்பதென்றால் குணசீலன் முதலில் சிரிக்க வேண்டும். மாரிக்கனியும் சிரித்தாள். பைப் ஒரு துள்ளு துள்ளியது. "ஏய், தள்ளி நில்லு, வெள்ளைச் சட்டை" என்றாள். அவன் தள்ளி நிற்கவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம். இதைவிடச் சின்னதாக ஒரு காதல் ஆரம்பித்திருக்க முடியாது.

குணசீலன் வீட்டுத் தளம் மேடு, அய்யாக்குட்டியின் மனை பள்ளம். அந்த வீட்டு மழைத்தண்ணீர் இந்த மனைக்குள் வந்து விழுவதற்கென்று மதிலின் அடியில் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். நகரே உண்டு மயங்கிக் கிடக்கிற மத்தியான வெயிலில், அந்தப் பக்கம் கொய்யா மரத்தடியில் அவனும், இந்தப் பக்கம் தகரக் கொட்டகை நிழலில் அவளும், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாகப் பேசினார்கள். திருச்சியில் ஹாஸ்டல் உள்ள காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அப்பா சொல்கிற படிப்பு என்று அவன் சொன்னான்.

"உங்க அப்பா எந்திரின்னா எந்திரிப்ப, உக்காருன்னா உக்காருவியோ?"

"நீ எங்க அப்பாவைப் பார்த்ததில்ல."

"அவரு வீட்டுத் தொட்டியைப் பார்த்தாச்சு. அதுக்கு மேல அவருகிட்ட பார்க்க என்ன இருக்கு?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது ஓட்டை வழியாகக் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அவள் ராத்திரி படுத்துக்கொண்டு அடுத்த நாளைக்கு நக்கல் தயார் பண்ணினாள்.

ஒரு மத்தியானம் அவள் நுங்கு சீவி ஒன்றை அந்த ஓட்டை வழியாக நீட்டினாள். குனிந்து பார்த்துக்கொண்டேதான் நீட்டினாள். அவன் நுங்கைப் பார்த்தான். அப்புறம் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், காலையில் அப்பாவோடு போய்ப் பைப் பிடித்த கை. அவன் பார்த்ததை அவள் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளலாமா என்று அவள் நினைப்பதற்குள் அவன் வாங்கி, கட்டை விரலால் குத்தி, முழங்கை வரை தண்ணீர் வழிய உறிஞ்சித் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா கனி?" என்றான்.

அன்று சாயங்காலம் லாரி தாழம்பூவாக மணத்துக்கொண்டு திரும்பி வந்தது. அய்யாக்குட்டி தனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து ஆவி பிடித்தார். மூக்கு திறந்ததும் மணம் இன்னும் அதிகமாக வந்தது. தேனீக்கள் வந்து டேங்க் மூடியைச் சுற்றின. அவர் ஒரு பீடியைப் பற்றவைத்து, "சரி, வந்தது வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

முல்லை நகர் அப்படி உட்காரவில்லை.

முதல் வாரம் அவர்கள் வாசலில் நின்று மோந்தார்கள். அடுத்த வாரம், இந்த மணம் லாரியுடையது அல்ல, லாரிக்குள் இருக்கிற சரக்குடையது, சரக்கோ நம்முடையது, என்பதைச் சங்கச் செயலாளர் செல்லத்துரை, ரிட்டயர்டு ஆபீசர், கூட்டம் போட்டு எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை, மணம் எங்களுடையதுதான் என்றது ஒரு வீடு. நாங்கள் நெய் தவிர வேறு தொடுவதில்லை என்றது எதிர் வீடு. பரம்பரை பரம்பரையாகச் சாப்பிட்ட சாப்பாடு அப்படி என்றது மூன்றாம் வீடு. தொட்டி மூடிகளைத் திறந்துவைத்துவிட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சாயங்காலங்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். விருந்தாளி வந்தால் முதலில் தொட்டியைக் காட்டினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, கொல்லைப்பக்கம் போய்க் குனிந்து மோந்துவிட்டு வந்து, "நல்ல குடும்பம்" என்றார்கள்.

மூன்றாம் வாரம் அதை எடுத்து மொட்டை மாடியில் வடகம் மாதிரி காயவைத்தார்கள். பொடி பண்ணினார்கள். தேங்காயெண்ணெயில் கலந்து தலைக்குத் தேய்த்தார்கள், குழந்தைகளின் அக்குளில் பூசினார்கள், காரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சின்ன டப்பாவில் வைத்தார்கள், கடைசியில் குழைத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்கள், அதற்கு மணத்திலகம் என்று பெயரும் வைத்தார்கள். ஊர் முழுக்க வயிற்றுப்போக்கு வந்தது. வந்தது நல்லதுதான், சரக்கு கூடும் என்றார்கள்.

லாரிக்கு மாலை போட்டார்கள். அதற்கு இப்போது நேரக் கட்டுப்பாடு கிடையாது. குணசீலன் வீட்டு முன்வாசலிலேயே நிற்கலாம், நின்றால் பாக்கியம். குணசீலனின் மனைவி வத்சலா தினமும் டேங்குக்கு ஆரத்தி எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைத் தாண்டாமல் ஒதுங்கி நிற்கும் அய்யாக்குட்டிக்குக் கேட்டுக்கு வெளியே பேப்பர் கப்பில் காப்பி கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், "அதை அப்படி ஓரமாப் போட்டுருங்க" என்றாள். வீட்டுக்குள் எல்லாரும் டம்ளரில் குடித்தார்கள்.

"அப்பா, அந்தக் காப்பியைக் குடிக்காதீங்க" என்றாள் மாரிக்கனி.

"காப்பி என்னம்மா பண்ணுச்சு? நல்ல காப்பி."

"லாரிக்கு ஆரத்தி, உங்களுக்குப் பேப்பர் கப்பா?"

"லாரி காப்பி குடிக்காதுல்ல" என்றார் அய்யாக்குட்டி.

அவருடைய சொந்தத் தொட்டியும்தான் மணத்தது. அதைக் கவனித்தவர்கள், நம் தொட்டியிலிருந்து மண்ணுக்குள் கசிந்து போயிருக்கும் என்றார்கள்.

மணம் எதனால் என்பது மாரிக்கனிக்கு உடனே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் கூட்டாளிகளோடு எதிரே வந்த தருண் அவளை மின்கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்து போனான். அன்று முழுக்க லாரி சீயக்காய் மாதிரி காய்ந்த ஒரு வாடை அடித்தது. நகரே கவலைப்பட்டு, கீரை தின்றதாலா, பருப்பு தின்றதாலா என்று ஆலோசித்தது. மறுநாள் மத்தியானம் அவன் ஓட்டையில் வாயை வைத்து, "கனி, ஸாரி கனி, அவனுங்க எங்க அப்பாகிட்ட போட்டுக் கொடுத்துருவானுங்க" என்று கெஞ்சினான், அவள் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்துவிட்டு அவன் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், சிரித்த அந்தக் கணமே அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற லாரியிலிருந்து தாழம்பூ குப்பென்று எழுந்தது. அவள் திரும்பியும் அவன் ஓட்டை வழியாகவும் லாரியைப் பார்த்தார்கள்.

"நம்மளா?" என்றான் அவன்.

"வேற யாரு? உங்க பெரியம்மாவா?"

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கும் இருந்தது. ஆனால் நகரத்தார் நெற்றியில் ஈரமாக அப்பிக்கொண்டு, நாங்கள் இன்னார் வீட்டு மணம் என்று மார்தட்டிக்கொண்டு போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. தன்னுடையதில் யாரோ கை வைத்துக் கிண்டுவதுபோல இருந்தது.

"நீ சொல்லணும்" என்றாள்.

"என்னன்னு?"

"இது மாரிக்கனியாலயும் என்னாலயும் வர்ற மணம்னு. எல்லாரும் இருக்கிற இடத்துல. என் பேரைச் சொல்லி."

"சொல்லாட்டி என்ன கனி? நமக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"போதாது. எங்க அப்பா பேப்பர் கப்புல குடிக்கிறாரு. ஓட்டை வழியாப் பேசுற பேச்சு எனக்கு இனிமே வேண்டாம். நீ பேரைச் சொன்னா நான் உன் வீட்டு முன்வாசல் வழியா வருவேன், நீ எங்க வீட்டுக்கு வருவ. சொல்லலைன்னா அவ்வளவுதான்."

அவன் வெகுநேரம் கொய்யா இலையைக் கிழித்துக்கொண்டிருந்தான். அப்பா இந்த மணத்தைக் கொண்டாட மணவிழா ஒன்று நடத்தப் போகிறார், அங்கே தன்னையும் பேசச் சொல்லியிருக்கிறார், அன்றைக்குச் சொல்கிறேன் என்றான். சத்தியமா என்றாள். சத்தியம் என்றான். அன்று மணம் பைபாஸ் வரை போனது. லாரிக்காரர்கள் வண்டியை ஓரம்கட்டி, என்ன ஊர் இது என்று கேட்டார்கள்.

விழா குணசீலனின் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாழைமரம், சீரியல் லைட், நாதஸ்வரம். அய்யாக்குட்டியின் லாரியைக் கழுவிப் பொட்டு வைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே, சந்தனக் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கிண்ணம் இருந்தது. எல்லாரும் விரலை விட்டுக் குழைத்து நெற்றியில் தாராளமாக இட்டுக்கொண்டார்கள். அய்யாக்குட்டியையும் மாரிக்கனியையும் மரியாதையாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். "அந்தப் பக்கம் காத்தோட்டமா இருக்கும்" என்று பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்துக் கதவருகே நிற்கச் சொன்னார்கள். நாற்காலி தீர்ந்துவிட்டதாம்.

குணசீலன் பேசினார். தன் பாட்டன் செய்த அன்னதானத்தைப் பற்றிப் பேசினார், அப்பா கட்டிய சத்திரத்தைப் பற்றிப் பேசினார், எந்தத் தொட்டியிலிருந்து முதல் லாரி மணத்தது என்பதை ஊர் மறக்கக் கூடாது என்றார். பிறகு செல்லத்துரை மைக்கைப் பிடுங்கி, "படிச்ச பிள்ளை, தம்பி தருண் நீயே சொல்லு, இந்த மணம் எங்க இருந்து வருது?" என்று கேட்டார்.

மாரிக்கனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இதைவிடத் தெளிவாக யாரும் கேட்டிருக்க முடியாது. தருண் மைக்கை வாங்கினான். கூட்டத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் தூரத்துக் கதவருகே நின்ற அவளை நேராகப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். சொல்லு. ஒரு பெயர்தானே.

"எல்லாம் எங்க தாத்தா செஞ்ச புண்ணியம்" என்றான்.

மண்டபம் கை தட்டியது. தட்டி ஓய்ந்த பிறகும் அவன் மைக்கைக் கொடுக்காமல் நின்றான். ஏதாவது கொஞ்சம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். "லாரிக்காரங்களுக்கும் ஒரு நன்றி" என்றான்.

மாரிக்கனிக்குக் கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை. தட்டில் கிடந்த ஏதோ ஒன்றில் புழு நெளிவதைப் பார்த்துவிட்டு அதை நகர்த்தி வைக்கிறவள் மாதிரி உள்ளே எதையோ நகர்த்தி வைத்தாள். மணம் போய்விட்டது. மங்கவில்லை, குறையவில்லை, நறுக்கியதுபோலப் போய்விட்டது. போன இடத்தில் எது எப்போதும் இருந்ததோ அது வந்து நின்றது. வாசலில் நின்ற டேங்கிலிருந்து வந்தது, கிண்ணத்திலிருந்து வந்தது, நானூறு நெற்றிகளிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது.

நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்க முடியாமல் நிறுத்தினார். எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் கோத்தது, தொண்டை ஏறி இறங்கியது, பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவனும் அதையே செய்துகொண்டிருந்தான். நாறுகிறது என்று முதலில் சொல்கிறவன் வீட்டுச் சரக்குதான் நாறுகிறது என்றாகிவிடும். அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. செல்லத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடடா, இன்னைக்கு என்ன ஒரு மணம்!" என்றார்.

"தாழம்பூ தோத்துச்சு" என்றார் குணசீலன்.

"கண்ணுல தண்ணியே வருது பாருங்க" என்றாள் வத்சலா.

பந்தி போட்டார்கள். நெற்றியில் அதோடு, ஈ மொய்க்க மொய்க்க, வரிசையாக இலையில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை ரசம் கேட்டவர்களும் உண்டு. தருணும் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

"வாங்கப்பா போவோம்" என்றாள் மாரிக்கனி.

"சாப்பிடலையா தாயி?"

"இந்த இடத்துலயா?"

அய்யாக்குட்டி ஒரு தடவை மண்டபத்தை முழுக்கப் பார்த்தார். லாரி மாலையைக் கழற்றி மண்டபத்துக் கேட்டில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகும் முல்லை நகர் மணந்துகொண்டுதான் இருந்தது. அதாவது, மணக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மூடியைத் திறந்துவைத்து நாற்காலி போட்டார்கள், மாடியில் காயவைத்தார்கள், திலகம் இட்டார்கள், மூச்சை அடக்கிக்கொண்டு, "இன்னைக்குக் கொஞ்சம் கனமா இருக்குல்ல" என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். காகம்கூட அந்தத் தெருவில் உட்காரவில்லை.

விழா முடிந்த மறுநாள் மத்தியானம் ஓட்டையில் குரல் கேட்டது.

"கனி."

அவள் லாரி நிழலில் திருச்சியில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகிற பெட்டியின் அறுந்த பிடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"கனி, எனக்குத் தெரியும். நாறுது. தலை வெடிக்கிற மாதிரி நாறுது. வீட்ல எல்லாரும் மணக்குதுங்கறாங்க."

"நீ என்ன சொல்ற?"

"நான் மட்டும் எப்படிச் சொல்ல?" அவன் குனிந்து முகத்தை ஓட்டைக்குக் கொண்டுவந்தான். "நேத்து சொல்லத்தான் நெனச்சேன். அப்பா மூஞ்சியைப் பார்த்தேன், வாய் வரல. இப்ப ஒரு சென்ட் கம்பெனிக்காரங்களை வரச் சொல்லியிருக்காரு. வந்து மோந்து பார்த்தாங்கன்னா மானம் போயிரும். நீ கொஞ்சம் பழைய மாதிரி என்கூடப் பேசினா, சிரிச்சா, மணம் திரும்பி வந்துரும்ல? அவங்க வந்துட்டுப் போற வரைக்குமாவது? அப்பாவுக்காக இல்ல கனி, நமக்காகத்தான் சொல்றேன்."

அவன் நெற்றியில் அன்றைக்குப் புதிதாக இட்ட திலகம் ஈரமாக இருந்தது. அதில் ஒரு பச்சை ஈ உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் விரட்டவில்லை. பழகிவிட்டது.

மாரிக்கனி வாந்தி எடுத்தாள். அந்த லாரிக்கடியில் தூளி கட்டித் தூங்கியவள், பைப்பைச் சுருட்டிப் போட்டுவிட்டு அதன் நிழலிலேயே பழைய சோறு தின்று வளர்ந்தவள், ஊர்த் தொட்டி எல்லாம் பார்த்தும் ஒரு நாள் முகம் சுளிக்காதவள், மதிலில் கையை ஊன்றிக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி, அந்தக் கோடை முழுக்க உள்ளே போனதெல்லாம் வெளியே வருகிற வரை வாந்தி எடுத்தாள்.

அய்யாக்குட்டி சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். "என்ன தாயி, என்ன தின்ன?"

"ஒண்ணுமில்லப்பா. போயிருச்சு."

அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள். அவர் மதிலடி ஓட்டையைப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு கண் இருந்தது. அவர் மகளைப் பார்த்தார், மறுபடி கண்ணைப் பார்த்தார், அதிகம் யோசிக்கவில்லை.

"சிமெண்ட் குழைக்கவா?"

"நீங்க உக்காருங்க. நான் குழைக்கிறேன்."

"மழை பெஞ்சா அவங்க தண்ணி எங்கம்மா போகும்?"

"அங்கேயே நிக்கட்டும்" என்றாள் மாரிக்கனி, மண்வெட்டியை எடுத்தாள்.